கப்பல் டெக்கில் கால் கரண்டிக் கஞ்சி

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். மணி இரண்டு இருக்கும். ரயில்வே யார்டில் பெட்டி மாற்றும் ஷண்டிங் சத்தம்கூட ஓய்ந்துவிட்டது. சின்னவளுக்கு முந்தாநாளிலிருந்து வாந்தியும் பேதியும். பயப்படாதே. அதட்டினால் அழுகிறாள், அழுதால் கண்ணீர் வருகிறது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மடியில் அவள், பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம், முழங்காலில் இந்தக் காகிதம். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இன்று காலை சானிட்டரி ஆட்கள் வந்து எங்கள் குவாட்டர்ஸ் வரிசை முழுக்கப் பினாயில் ஊற்றிவிட்டுப் போனார்கள். அந்த வாடை இன்னும் வீட்டுக்குள் நிற்கிறது. அது மூக்கில் ஏறினதிலிருந்து நான் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இல்லை. கப்பலின் பின்பக்கத்தில், ஈரப் படுதாவுக்குள் உன்னோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இதை உனக்கு யார் படித்துக் காட்டுவார்களோ தெரியாது. தபால்காரரோ, பள்ளிக்கூட வாத்தியாரோ. ஐயா, யாராக இருந்தாலும் சரி, கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அக்கா நடுவில் சிரித்தால் சிரித்து முடிக்கும்வரை காத்திருங்கள். இதற்கு முன் எழுதின இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அவற்றில் நான் எழுதியதெல்லாம் வெறும் க்ஷேமம்தான். எழுத வேண்டியதை எழுதவில்லை. இதில் எழுதிவிடுகிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினபோது நான் உன்னைப் பார்த்தேனே தவிர, பேசவில்லை. எனக்கு இருபத்தொரு வயது. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவள், ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் மனைவி, எட்டு மாதக் கைக்குழந்தையோடு புருஷனிடம் போகிறவள். டெக்கில் பாய் விரித்ததும் என் இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் உன் பாய்க்கும் என் பாய்க்கும் நடுவில் சுவர்போல வைத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "பெட்டி நல்லா கனம்போல. காத்தடிச்சாலும் நகராது" என்றாய்.  முதல் மூன்று நாளும் உன்னை "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் கடல் கொந்தளித்தது. எனக்குத் தலை தூக்க முடியாத மயக்கம். தாய்ப்பால் வற்றிவிட்டது. அம்மா கூஜாவில் கொடுத்தனுப்பிய தண்ணீரும் தீர்ந்துபோயிற்று. அன்று சாயங்காலம் பிள்ளைக்கு வாந்தி ஆரம்பித்தது. ராத்திரிக்குள் பேதியும் சேர்ந்துகொண்டது. கல்லூரியில் சுகாதாரப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க்கு. கெட்ட தண்ணீரால்தான் இந்த நோயெல்லாம் வருகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அதனால் கப்பல் தண்ணீர் ஒரு சொட்டும் பிள்ளை வாயில் படாமல் பார்த்துக்கொண்டேன். வேறு எதுவும் கொடுக்கவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் நீ பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தாய்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு. புள்ள கண்ணு உள்ள போயிருச்சே. என்னா குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலை. தண்ணியில கிருமி இருக்கும்."

"நீ கிருமியப் பட்டினி போடறியா, புள்ளயப் பட்டினி போடறியா?"

நீ எழுந்து போய்ப் பண்டாரியிடம், அதுதான் அந்தக் கப்பல் சமையல்காரரிடம், ஏதோ கேலி பேசிச் சிரித்து, ஒரு தகரக் குவளையில் கஞ்சித்தண்ணீர் வாங்கி வந்தாய். கொதித்து இறக்கிய கஞ்சி. ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, உன் விரலால் கலக்கி நீட்டினாய். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். கிருமி என்று மறுபடியும் சொன்னேன். அக்கா, அது கிருமி மட்டும் இல்லை. கொதித்த கஞ்சியில் ஏது கிருமி? உன் குவளை. உன் விரல். "யார் கையிலும் தண்ணி வாங்கிக் குடிக்காதே" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் படித்த படிப்பை அதற்கு மேல் போர்த்திக்கொண்டேன். உனக்கு அது தெரிந்துதான் இருந்தது. குவளையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறட்டும். கஞ்சிய சொல்றேன்" என்று மட்டும் சொன்னாய்.

பிறகு கப்பல் டாக்டர் காலைச் சுற்று வந்தார். டெக்கின் அந்தக் கோடியில் அவர் தலை தெரிந்ததுமே, என் காலடிப் பக்கம் பாய் விரித்திருந்த கிள்ளான் கடைக்கார அண்ணாச்சி குனிந்து கிசுகிசுத்தார். தடிமன் என்று இரண்டு நாளாகக் கம்பளிக்குள்ளேயே கிடந்த மனிதர்.

"வாயத் தொறந்துராதீங்கம்மா. பேதின்னு ஒரு சொல்லு காதுல விழுந்துச்சு, மஞ்சக் கொடி ஏத்திருவான். அப்புறம் கரையில எறங்குனதும் வீடு இல்ல, கேம்புதான். எத்தினி நாளுன்னு சாமிக்கும் தெரியாது."

அது எங்களுக்கெல்லாம் தெரிந்த பயம்தான். டெக்கில் வருகிறவர்கள் திருடனுக்குப் பயப்படுவதைவிட டாக்டருக்குத்தான் பயப்பட்டார்கள். நோயாளியைப் போர்வைக்குள் சுருட்டி வைப்பதும், வாந்தியைக் கடலில் கழுவிவிடுவதும் அந்தக் கப்பலில் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உபகாரம். டாக்டர் என் முன்னால் நின்றார். நான் முந்தானையால் பிள்ளையை மூடி, "தூங்கறான்" என்றேன். அவர் குனியவில்லை. போய்விட்டார்.

நீயும் பேசாமல் இருந்தாய். உனக்கும் காரணம் இருந்ததை அப்புறம்தான் சொன்னாய். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலி வீட்டு வரிசையான லயத்தில், உன் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தகப்பன் சாவுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறாய். ஒன்றாம் தேதிப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நீ நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொல்லியிருந்தான். கேம்பில் உட்கார்ந்தால் ஒன்றாம் தேதி போய்விடும்.

மத்தியானத்துக்குள் பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டான். எனக்கு அது நல்லதாகப் பட்டது. அசதியில் தூங்குகிறான் என்று நினைத்தேன். நீ கேட்காமலே என் பெட்டிகளை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு உள்ளே வந்தாய். அவன் உச்சிக்குழியைத் தடவினாய். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டாய். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. அதை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன்.

"காலரா வந்த வருசம் தோட்டத்து ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்க ஆளில்லாம என்னயப் புடிச்சுப் போட்டாங்க. இந்த மாதிரி கிள்ளிப் பாத்த புள்ளைங்க எத்தினியோ" என்றாய். உன் குரலில் கேலி இல்லை. "உன் மகன் நோயில போவல. தண்ணிக்குப் போறான். கஞ்சி நான் குடுக்கறேன். ஆனா டாக்டரும் பாக்கணும். ரெண்டும் வேணும்."

"டாக்டரைக் கூப்பிட்டா உங்களுக்கும் கேம்புதானே?"

"என் பேரு போனா வேற தோட்டம் பாத்துக்குவேன். உன் புள்ள போனா?"

நான் அழுதேன். நீ அசையவில்லை. "நீ பெத்தவ. நீ வாயால சொல்லு, நான் ஓடறேன்" என்றாய்.

"போக்கா" என்றேன். "போய்க் கூட்டிட்டு வாக்கா."

நான் உன்னை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

ஏணிப்படியில் அண்ணாச்சி கம்பளியோடு எழுந்து வழி மறித்தார். பின்னால் பத்துப் பேர்.

"எங்கடி போற?"

"டாக்டர்கிட்ட."

"பெத்தவளே கம்முனு கெடக்கா. உனக்கென்னடி வந்துச்சு?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான்தான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. இரண்டே வார்த்தை. என் நாக்கு எழவில்லை, அக்கா. நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

நீ ஒரு தடவை என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், "ஆமாய்யா, எனக்குத்தான் வந்துச்சு. வழிய விடு, இல்ல உன் மேலயே ஏறிப் போவேன்" என்றாய்.

டாக்டர் வந்தார். பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என்னைத் திட்டினார். அதோடு நிற்காமல் டெக்கு முழுக்க ஒவ்வொரு போர்வையாக உருவச் சொன்னார். நாலு பேர் அகப்பட்டார்கள். நாலாவது ஆள் யார் என்று உனக்குத்தான் தெரியுமே. கம்பளியை விடமாட்டேன் என்று அண்ணாச்சி ஒரு பக்கம் இழுக்க, கப்பல் ஆள் மறுபக்கம் இழுக்க, "தடிமன்தாங்க, தடிமன்தாங்க" என்று அவர் கெஞ்ச, "தடிமன் மூக்குலதான வரும் அண்ணாச்சி, வேட்டியில எப்படி வந்துச்சு?" என்று நீ கேட்டாய். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பின்பக்கத்தில் ஒரு மூலையைப் படுதா கட்டி மறைத்து, பினாயில் தெளித்து, நம் இருவரையும் பிள்ளையோடு உள்ளே உட்கார வைத்தார்கள். நீ ஏற்கெனவே தொட்டுவிட்டதால் நீயும் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஏதோ மருந்தும் கொடுத்தார். உன் குவளையை வாங்கிப் பார்த்து, உப்பா என்று கேட்டு, தலையாட்டிவிட்டு, "அந்தம்மா செய்யறதை நிறுத்தாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கால் கரண்டி. அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. நான் அவசரப்பட்டு முழுக் கரண்டி ஊற்றினபோது அத்தனையும் வெளியே வந்தது. நீ என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாய். வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடியும் கால் கரண்டி. பிள்ளையை ஒருக்களித்துச் சாய்த்து, கன்னத்தின் ஓரமாக விட்டாய். நீ ஒவ்வொரு கரண்டிக்கும் மரம் எண்ணினாய். ரப்பர் பால் வெட்டுகிறவள் நிரையில், மர வரிசையில், நடந்து எண்ணுகிற மாதிரி, ஒரு மரம், ரெண்டு மரம் என்று. "எனக்கு முந்நூறு மரம் வெட்டிப் பழக்கம். உன் மகன் எத்தினி மரம் தாங்குறான்னு பாப்போம்" என்றாய். நாற்பதாவது மரத்தில் அவன் நாக்கை நீட்டி உதட்டை நக்கினான். நீ எண்ணுவதை நிறுத்தி, "ஆங்" என்று ஒரு சத்தம் போட்டாய். அப்புறம் எதுவும் நடக்காதது போல, "நாப்பத்தொண்ணு" என்றாய்.

நீ அசந்தால் நான், நான் அசந்தால் நீ. ஒரே கரண்டி, ஒரே குவளை. பண்டாரி படுதாவுக்கு வெளியே கஞ்சி வைத்துவிட்டுப் போவார். மறுநாள் பகல், நீ அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது அவன் உன் சேலையை நனைத்தான். ஒரு நாளுக்கும் மேல் துணி நனையாத பிள்ளை. "ஏய்! மழ பேஞ்சிருச்சுடி!" என்று நீ போட்ட கூச்சலில் படுதாவுக்கு வெளியே யாரோ பயந்து, யாரோ சிரித்து, ஒரு கிழவர், "எங்கம்மா மழை?" என்று வானத்தைப் பார்த்ததாகப் பண்டாரி பிறகு சொன்னார். நீ அந்த ஈரச் சேலையை மாற்றவே இல்லை.

மஞ்சள் கொடி ஏறியது. போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினதும் எல்லாரையும் கேம்பில் அடைத்தார்கள். பத்து நாள். காலரா இல்லை என்று தெரிந்த பிறகும் பத்து நாள். அந்தப் பத்து நாளும் குழாயடியில் உன் குடத்தைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். "வாய் நீண்டவ வந்துட்டாடி" என்பார்கள். நீ, "நீளமா இருந்தா நல்லதுதான். குழாய எட்டும்" என்பாய். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். எனக்கு மட்டும் வழி விட்டார்கள். பிள்ளை பிழைத்த தாய் என்று இரக்கப்பட்டார்கள். வேலிக்கு வெளியே என் வீட்டுக்காரர் வந்து நின்றபோது, அவரிடம்கூட, "அந்தக்கா போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க" என்றேனே தவிர, நான் அனுப்பினேன் என்று சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை. அத்தனை பேர் வாயில் விழப் பயம். அவ்வளவுதான் போலிருக்கிறது.

ஒன்றாம் தேதி போயிற்று. உன் பேரை வெட்டினார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு புதுசாகப் பேர் எழுதி, அதே தோட்டத்தில் கடைசி ஆளாகச் சேர்ந்தாய். எங்கள் குவாட்டர்ஸுக்கு மூன்று தடவை வந்தாய். ஒவ்வொரு தடவையும் மூட்டை மரவள்ளிக்கிழங்கு. மகனைத் தலைகீழாகத் தூக்கி, "ஏண்டா, என் சேலைய எப்ப தொவைச்சுத் தருவே?" என்று கேட்பாய். அவன் உனக்காகவே மழலை பேசக் கற்றுக்கொண்டான்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்து ஊருக்குக் கப்பல் ஏற்றினார்கள். விடைபெற வந்தபோது, "கடைசியா எழுதுன பேரு மொதல்ல போவுது" என்று நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அந்தக் கணக்கு எங்கே தொடங்கியது என்று நெஞ்சில் குத்தியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நீ மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்: "பெரியவனானா கப்பல் டாக்டரா வாடா. டெக்குல கெடக்கிறவங்கள குனிஞ்சு பாரு. நின்னுக்கிட்டே பாக்காத."

சரி, இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதற்குத்தான் இத்தனையும்.

சின்னவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் கஞ்சி வைத்தேன். கூடவே, நேற்று விடிந்ததும் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் அனுப்பினேன். நான் வாயால் சொல்லி அனுப்பினேன். அதன்படி இன்று சானிட்டரி ஆட்கள் வந்தார்கள். பொதுக் குழாயைப் பூட்டினார்கள், வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்கள், வரிசையில் யாரும் இரண்டு நாள் வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். பக்கத்து வீட்டுப் பாயின்ட்ஸ்மேன் மனைவி வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"புள்ளைக்குப் பல்லு மொளைக்குதுன்னு சொன்னா முடிஞ்சிச்சு. இவங்க படிச்சவங்களா, ஊரக் கூட்டித்தான் சொல்லுவாங்க!"

அந்த நேரம் பார்த்துச் சாமான் போட வந்தார் அண்ணாச்சி. ஆமாம், அவரேதான். இப்போது கிள்ளானில் கடை பெரிதாகி, பிரிக்பீல்ட்ஸுக்கும் வண்டியில் சாமான் கொண்டுவருகிறார். பினாயில் வாடையைப் பிடித்ததும் வாசலில் நின்றவளிடம் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இப்படித்தாம்மா கப்பல்ல ஒருத்தி. தோட்டத்துப் பொம்பள. பெத்தவ சும்மா இருக்கா, இவ ஓடிப்போய் டாக்டர்கிட்ட ஊதிட்டா. முந்நூறு பேரு பத்து நாளு கேம்புல கெடந்தோம்."

இந்தக் கதையை அவர் சாமான் போடும்போது சொல்லி நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் பருப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். இன்று சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். 

"பெத்தவ சும்மா இல்ல, அண்ணாச்சி. போய்க் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னதே நான்தான். பயந்துபோய் வாய மூடிக்கிட்டேன், அந்தக்கா பழிய ஏத்துக்கிட்டாங்க. உங்களக் கம்பளிக்குள்ளேயிருந்து எடுத்தாங்களே, அத விட்டுட்டீங்களே? அன்னிக்கு டாக்டர் பாக்கலன்னா இன்னிக்கு இந்தச் சாமான யாரு கொண்டாறது?"

அவர் தராசைக் கீழே வைத்தார்.  பிறகு, "அந்தப் பொம்பள இப்ப எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். கோபமாக இல்லை. ஊருக்குக் கடிதம் போட்டும் பதில் இல்லை என்று சொன்னேன்.

சாயங்காலம் பாயின்ட்ஸ்மேன் மனைவி சமையலறைக் கதவு வழியாக வந்தாள். முந்தானைக்குள் அவளுடைய சின்னவன். "இவனுக்கும் நேத்திலேர்ந்து போவுதுக்கா. சொல்லப் பயந்துக்கிட்டுதான் காலையில அப்படிக் கத்துனேன்" என்றாள். அவனால் அழ முடிந்தது. நல்ல வேளை. அடுப்பிலிருந்த கஞ்சியை இரண்டு கிண்ணமாக ஊற்றினேன். என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து டிரசரைக் கூட்டிவரப் போனார்கள். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் விளக்கும் எரிகிறது. கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் கேட்கிறது.

சின்னவள் இப்போது என் விரலைப் பிடித்து இழுக்கிறாள். பசிக்கிறது போல. பசிக்கிறது என்றால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் படித்ததில் பாதி மறந்துபோயிற்று. நோய் வந்தால் மூடி வைக்காதே, வாயைத் திறந்து சொல், சொன்னவள் பக்கத்தில் போய் நில் என்பது மட்டும் மறக்காது. முதல் இரண்டையும் அன்றே கற்றேன். மூன்றாவதற்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

நீ எப்படி இருக்கிறாய்? மகள் பெரியவளாகியிருப்பாள். வேலை கிடைத்ததா? உடம்பு எப்படி? என் மேல் வருத்தம் இருந்தால் அதையும் எழுதச் சொல். படித்துக் காட்டுகிற ஐயாவையே எழுதச் சொல், இரண்டு வரி போதும். சீக்கிரம் பதில் போடு, அக்கா.

உன் தங்கச்சி